தோளில் ஏறிய டீக்கடை

பூம்பாறையில் பஸ் நிற்கும் இடத்தில் பலகையும் தகரமும் சேர்த்து அடித்த ஒரு டீக்கடை வைத்திருக்கிறேன். பால்வாடிப் பிள்ளைகளோடு இருக்கப் பிலிப்பைன்ஸிலிருந்து தன்னார்வலராக வந்த மரிசெல், என் பக்கத்து அறையில்தான் தங்கினாள். எங்களைப் போலவே சோற்றைக் கையால் பிசைந்து அவள் சாப்பிட்டபோதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அந்தச் சமயம் சாலையை அகலப்படுத்துவதற்காகக் கடையை எதிர்மேட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். பிரித்தால் உளுத்த பலகைகளில் ஒன்றுகூட மிஞ்சாது. கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, எங்க ஊர்ல வீடு அப்படியே தூக்கும். எல்லாரும் வரும்," என்றாள் மரிசெல், அரைகுறைத் தமிழில்.

"இங்க யாரு வருவா?" என்றேன். கணவர் போன பிறகு யாரிடமும் நான் எந்த உதவியும் கேட்டதில்லை.

மறுநாள் வெள்ளனே கடைக்குப் போனால், பூண்டு வயலுக்குப் போகிறவர்கள் மூங்கில்களோடு நின்றார்கள். நடுவில் மரிசெல். கடைக்கு அடியில் மூங்கிலைக் கொடுத்துக் கட்டினார்கள்.

"ஏலே, வெரசா தூக்குங்கடா!" என்று முன்மூங்கிலைப் பிடித்திருந்தவர் குரல் கொடுத்தார்.

கடை தரையை விட்டு எழும்பியது. மேட்டில் ஒருவர் கால் வழுக்கி, கடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓடிப்போய் நானும் தோள் கொடுத்தேன்.

இறக்கி வைத்ததும் பூண்டு வியாபாரி காதர் அண்ணன் தோளைத் தேய்த்தபடி கேட்டார்: "ஏம்மா, இந்தப் புள்ள வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் டீ போட்டேன். இத்தனை வருடம் உதவி கேட்காததே மானம் என்று நினைத்து, வர இருந்தவர்களை நானே எட்ட நிறுத்தியிருக்கிறேன்.