லயத்தில் சிறுநீர் கேட்டுப் போனோம்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நானும் இன்னும் இரண்டு மாணவர்களும் மருந்து கலக்கப் பழகிக்கொண்டிருந்தோம். சீனி வியாதி யாருக்கு இருக்கிறதென்று பார்க்க வேண்டும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் விளக்கம் சொல்லிச் சிறுநீர் வாங்கி வாருங்கள் என்றார் பெரிய டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மலை ஏறியது எங்கள் கால்கள்தான்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற நேரத்தில்தான் ஆட்களைப் பிடிக்க முடியும். நாள் முழுக்க மழையில் நின்றவர்களிடம் போய், அடிக்கடி ஒன்றுக்குப் போகிறீர்களா என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"இந்தக் குளிர்ல போகாம என்னங்க பண்றது?" என்று சிரித்தார்கள். நியாயமான பதில்தான்.

காலையில் வீட்டிலிருக்கிற போத்தலில் கொண்டுவரச் சொன்னோம். கொண்டு வந்தார்கள். நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினோம். சீனி இருந்தால் நீலம் மாறிச் செங்கல் நிறமாகும். ஒன்று சிவந்தது, அடுத்ததும் சிவந்தது, கிட்டத்தட்ட லயமே சிவந்துவிட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே ஓடிப்போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம்.

லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், புருஷனை இழந்த ஒரு அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பேர வெட்டிருவாங்களா, சின்ன டாக்டரய்யா?"

பேரை வெட்டினால் வேலை போகும். வேலை போனால் அந்த ஒற்றைக் காம்பராவும் போகும்.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்காரர் அந்தப் போத்தல்களில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாம் நாங்கள் இருமல் மருந்து கொடுத்த போத்தல்கள். தேன் விட்டு அந்த மருந்தைக் கலக்கியவர்களும் நாங்களேதான். லயத்தில் வேறு போத்தலுக்கு எங்கே போவார்கள்? அவசரமாக அலசியிருப்பார்கள், அடியில் தேன் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. மருந்து படிக்கிற மூன்று பேரில் ஒருத்தனுக்கும் அது உறைக்கவில்லை.

மறுபடி ஏறினோம். கடைசிக் காம்பரா அம்மாவிடம், "போத்தல்ல தேன் இருந்திருக்கு. உங்களுக்கு ஒன்னுமில்லம்மா" என்றேன். நான் சொல்லியிருக்க வேண்டியது 'இன்னும் தெரியாது' என்பதுதான். வெட்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

கொதிநீரில் கழுவிய போத்தலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேணாங்கய்யா. நீங்களே ஒன்னுமில்லன்னுட்டீங்க. இன்னொரு தடவ பயப்பட என்னால ஆகாது."

சொல்லிவிட்டுச் செம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். மறுபடி மொண்டு குடித்தார். அடங்காத தாகமும் சீனி வியாதியின் குறி என்று படித்திருந்த நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கால் வலித்தது, மழையும் பிடித்துக்கொண்டது. வந்துவிட்டேன்.

நாலைந்து மாதத்துக்குப் பிறகு அவரை லொறியில் கொண்டுவந்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி பாதத்தில் குத்தி, பச்சிலை கட்டி, புண் கறுத்துப் போயிருந்தது. சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தேன். செங்கல் நிறம். நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் பேரையும் வெட்டினார்கள். மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக்குப் போனதால் காம்பரா மிஞ்சியது.

அடுத்த வருடமும் டாக்டர் எங்களை அனுப்பினார். என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. லயத்தில் நான் வாய் திறக்குமுன்பே, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அந்த அம்மா மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"கேக்குறாங்கல்ல, குடுங்கடி!"

அன்று ஒருவரும் மறுக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டுதான் மலை ஏறியிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.