மிதப்பது வேறு, நிற்பது வேறு

முருகேசன் சார் இறந்த செய்தி வந்தபோது புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் விராலிமலை வண்டிக்காகக் காத்திருந்தேன். அன்று எங்கள் இருவருக்கும் அங்கே வகுப்பு. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. போனில் அவர் மகள், "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க" என்றாள். "சரிம்மா" என்றேன். வண்டி வந்ததும் ஏறி டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் இறங்க வேண்டும் என்று தோன்றியது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் பொன்னமராவதி வகுப்பு நினைவிருக்கும். ஆங்கிலக் கையேட்டில் ஃப்ளோட், ஹோவர் என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் "மிதக்கும்" என்றே சார் சொல்லிக்கொடுத்திருந்தார். சித்ரா என்ற பெண் ட்ரோனை வயலுக்கு மேலே நிறுத்தினார். சார் அப்போது அடுத்த குழுவோடு இருந்தார். டீ வந்தது. மிதப்பது தானாக மிதக்கட்டும் என்று ரிமோட்டை வரப்பில் வைத்துவிட்டு எல்லோரும் வடை தின்னப் போனார்கள். பேட்டரி தீர்ந்து ட்ரோன் சேற்றில் விழுந்தது.

"இதெல்லாம் ஒனக்குத் தேவையா? கெளம்பு" என்று கூட வந்திருந்த சித்ராவின் கணவர் கத்தினார். சித்ரா குனிந்த தலையோடு செருப்பைத் தேடினார். முழங்கால் சேற்றில் இறங்கி ட்ரோனைத் தூக்கிவந்த சார், "அவங்க மேல தப்பில்லைங்க. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு" என்றார். பிறகு எல்லோரையும் உட்காரவைத்தார்.

"தெளிச்ச மருந்து காத்துல பொகையாட்டம் மிதக்குது பாருங்க, அதுதான் ஃப்ளோட். அதுக்கு ஒரு பாடும் இல்ல. ட்ரோன் மிதக்கலைங்க, நிக்குது. அதுதான் ஹோவர். விசிறி விடாம சுத்துனாத்தான் ஒரே எடத்துல நிக்க முடியும். பாத்தா சும்மா இருக்கிற மாதிரித் தெரியும், பேட்டரி போய்க்கிட்டே இருக்கும்."

கணவரும் வரப்பில் உட்கார்ந்து கேட்டார். சித்ரா இப்போது நம்மோடு வகுப்பெடுக்கிறார்.

சாரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவருக்கென்ன, ஜாலியான மனுஷன்" என்போம். கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துவார். என் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி தோசையைக் காலி செய்துவிட்டு, "உப்புக் கம்மிம்மா" என்று குறை வேறு சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

துக்க வீட்டில் அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருசமா நெஞ்சுல கோளாறுங்க. வீட்டுக்கு வந்தா சட்டையக்கூடக் கழட்டாம படுத்துருவாங்க. நான்தான் சோறு ஊட்டிவிடணும். காலையில எந்திரிச்சு, ஒங்க முன்னாடி சிரிச்சுக்கிட்டு நிக்கணும்னு வந்துருவாங்க. ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை, எனக்கே ஒருமாதிரி இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது மிதப்பதற்கும் நிற்பதற்கும் உள்ள அந்த வித்தியாசம்தான். ஊர் ஊராகப் போய் அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். "சார், கொஞ்சம் உக்காருங்க" என்று நம்மில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.