சுற்றாத பல்

திருச்செங்கோட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு, கரி வெட்டும் இயந்திரத்தின் பற்களைச் செய்து அனுப்புகிறோம். சீக்கிரம் தேய்கிறது என்று புகார் வந்ததும், இயந்திரத்தின் குழியில் பொருந்தும் பல்லின் கழுத்தைச் சுற்றிக் கெட்டியாக வெல்டிங் வைத்தேன். இனி தேயவே தேயாது என்று பெருமை வேறு.

ஒருநாள், அந்த இயந்திரத்தை ஓட்டுபவர் லீவில் ஊருக்கு வந்தபோது, ஒரு பல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது.

"அம்மணி, பல்லு அதோட குழியில சுத்திக்கிட்டே இருக்கோணுமுங்க. உங்க வெல்டிங் இறுக்கிப் புடிச்சு, சுத்தவே இல்லீங்க. ஒரே பக்கமாத் தேஞ்சு, பாறையில பட்டுப் பொறி பறந்துச்சு. சுரங்கத்துக்குள்ள தீப்புடிக்கிற கேஸ் இருக்குமுங்க."

"ஐயோ, அப்புறம் என்னாச்சுங்கண்ணா?"

"உடனே மெசினை நிறுத்திப்போட்டேன். எம்பின்னால ஆறு பேரு நின்னாங்க. மத்த பல்லையும் கழட்டியாச்சுங்க. உங்களுக்குத் தெரியோணும்னுதான் வந்தேன்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு பல்லையும் பட்டறையில் செய்துவைத்த மாதிரிக் குழியில் மாட்டி, விரலால் சுற்றிப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்கிறேன். பெட்டியை ஆணி அடித்து மூடிய பின்னும், ஒன்றை விட்டுவிட்டேனோ என்று மறுபடி திறக்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது.