பிரையனுக்கு ஒரு ஊர்

நியூஜெர்சியில் ஒரு பழைய பிரஸ்பிடீரியன் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என் கணவர் பிரையனின் முப்பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்து சேர்ந்த சபை இது. அயர்லாந்தில் எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை. தமிழ் விருந்துகளில் “எந்த ஊரு தம்பி?” என்று யாராவது கேட்டால் பிரையன் விழிப்பார்.

காலையிலிருந்து ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியும் பெயர் இல்லை. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் சாமுவேல் அங்கிள், பாளையங்கோட்டைக்காரர், சிரிக்கிறார்.

“அவரு வளந்தப்புறம்தானம்மா கப்பலேறியிருக்காரு? ஞானஸ்நானம் அங்கயே ஆகியிருக்கும். ‘இவரு எங்க சபை ஆளு’ன்னு ஊர்ச் சபையில லெட்டர் வாங்கிட்டு வந்திருப்பாரு. நானும் அப்படித்தான் இங்க ஜாயின் பண்ணேன்.”

வேறொரு ஏட்டைத் திறக்கிறார். கடிதத்தோடு வந்து சேர்ந்தவர்களின் பட்டியல். மூன்றாம் பக்கத்தில் முப்பாட்டனார் இருக்கிறார். எதிரிலேயே, கடிதம் கொடுத்த சபையும் ஊரும்.

அங்கிள் வேண்டுமென்றே கேட்கிறார்: “தம்பிக்கு எந்த ஊரு?”

பிரையன் நிமிர்ந்து உட்கார்ந்து தமிழிலேயே சொல்கிறார்: “நமக்கு பாலிமீனா பக்கம், அங்கிள்.”