கம்பத்தடியில் வந்த சீர்

அந்தப் பொங்கலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நாற்றம்தான். வெல்லமும் நெய்யும் அப்புறம்.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம். வடகரப்பதிப் பக்கமிருந்து கோயமுத்தூருக்குப் போகிற சின்னச் சாலையில், கேரளம் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு மூங்கில் கம்பம். பக்கத்தில் சோதனைச் சாவடி. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நான் கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். பஸ் கம்பத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். காலையும் மாலையும் கொட்டகையைத் தாண்டும்போது தாவணித் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொள்வேன்.

உள்ளே கிடந்தது அரிசி. எழுபதுகளின் தொடக்கத்தில் அரிசிக்கு ஊரெல்லாம் அலைந்த வருடம் அது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு படி அரிசிகூட எல்லை தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் களையெடுக்கப் போகிற பெண்கள் கூலியாக வாங்கிய அரிசியை மடியிலும் தூக்குப்போசியிலும் மறைத்துக் கொண்டுவருவார்கள். சாவடியில் பிடுங்கிக் கொட்டகையில் கொட்டுவார்கள். கூரை ஒழுகி, அரிசி பச்சை பிடித்து, கறுத்து, கட்டிகட்டியாகப் புழுத்துக் கிடந்தது. எலிகள் அதன்மேல் வளை தோண்டியிருந்தன. இந்தப் பக்கம் ரேஷன் கடையில் சாக்கு வாடை அடிக்கும் மஞ்சள் அரிசிக்கு வரிசை. அந்த அரிசியிலும் நெளிகிறதைப் பொறுக்கித்தான் உலையில் போட வேண்டும்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒருநாள் சாவடி அதிகாரியிடம் நேராகப் போய், "கெட்டுப்போறதுக்கு முன்னாடி பறிகொடுத்தவங்ககிட்டயே கொடுத்துடலாமே சார்?" என்று கேட்டேன்.

அவர் பல்குத்தியபடியே மலையாளத்தில் சொன்னார்: "அது தொண்டிமுதலாணு மோளே." அதாவது வழக்குக்குச் சாட்சிப் பொருள். புழு தின்னலாம், மனுஷர் தின்னக் கூடாது.

அவர் சொல்லி முடிக்கவில்லை, எங்கள் ஊர் ரைஸ்மில்காரரின் லாரி ஹாரன் அடித்தது. மேலே தவிட்டு மூட்டை. கீழே என்ன மூட்டை என்று ஊருக்கே தெரியும். வண்டி வந்து நிற்பதற்குள் கம்பம் எழுந்துவிட்டது. தாவணித் தலைப்பை மறுபடி மூக்கில் அழுத்திக்கொண்டேன். கொட்டகையாலா லாரியாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு நடுவில்தான் பொங்கல் வந்தது. அப்பா இறந்து வருடம் திரும்பி வந்த முதல் பொங்கல். ஒரே வளவில் எங்கள் வீடு, எதிரே பெரியப்பா வீடு. அப்பாவின் பங்கு நிலத்தை "நாங்களே பாத்துக்கறோம்" என்று பெரியப்பா இரண்டு தரம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் இருப்பதற்கு எங்கள் பக்கம் அடையாளம் ஒன்றுதான்: பொங்கலுக்கு அண்ணன் கொண்டுவரும் சீர். புது அரிசி, வெல்லம், பருப்பு, கரும்பு, மஞ்சள் கொத்து. சீர் வரவில்லையென்றால் பிறந்த வீடு கைகழுவிவிட்டது என்று அர்த்தம். என் மாமா இருப்பது கம்பத்துக்கு அந்தப் பக்கம்.

"இந்த வருசம் உங்கண்ணன் வாராரான்னு பாக்கலாம்" என்று பெரியம்மா கோலம் போட்டுக்கொண்டே சொன்னார். அந்தக் குரலில் இருந்த ஆசையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

பொங்கலன்று காலையில் மாமா வந்தார். கம்பம் வரைக்கும்தான். சைக்கிளின் பின்னால் கரும்பு, முன்னால் மஞ்சள் கொத்து, நடுவே வெள்ளைத் துணியில் முடிந்த அரிசி. செய்தி தெரிந்து நான் ஓடினேன். சாவடியில் அதிகாரி இல்லை, ரைஸ்மில்காரர் வீட்டுப் பொங்கல் விருந்துக்குப் போயிருந்தார். காவலர் மட்டும் நின்றார். கையில் குத்தூசி, மூட்டைக்குள் சொருகி அரிசி பார்க்கிற இரும்புக் கம்பி. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர், தெற்கத்தித் தமிழ் பேசுவார். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"கரும்பு போட்டும், மஞ்சள் போட்டும். அரிசிய மட்டும் வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. ஆர்டரு."

"என்ற தங்கச்சிக்குக் கொண்டுபோற சீருங்க இது. கடத்தலா?" என்றார் மாமா.

"எனக்குத் தெரியாதா? ஆர்டருக்குத் தங்கச்சி கெடையாதுல்லா."

"அப்படின்னா நான் திரும்பிக்கறேன். அரிசி இல்லாத சீரத் தூக்கிட்டு அந்த வளவுக்குள்ள நான் வரமாட்டேன்."

மாமா சைக்கிளைத் திருப்பினார். நான் நடுவே புகுந்து சட்டம், நியாயம், பத்திரிகைக்கு எழுதுவேன் என்று கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. மாமாவுக்குப் பின்னால், முந்தின நாள் களையெடுத்த கூலியை வாங்கி வந்த நாலைந்து பெண்கள் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய அரிசியும் அடுத்து கொட்டகைக்குத்தான் போகவேண்டும். அந்த நாற்றம் வெயில் ஏற ஏற எங்கள் எல்லோர் மேலும் படிந்தது.

அப்போது அம்மா வந்தாள். இடுப்பில் பால் ஊற்றிய பொங்கல் பானை, கையில் தண்ணீர்ச் சொம்பு. கம்பத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்ச் சொம்பை நீட்டினாள்.

"வாங்கண்ணா. தண்ணி குடிங்க."

"ரோட்டுலயா அம்மிணி?"

"நீங்க குடுக்கறதை இங்கயே குடுங்க. குடுத்துட்டா அது என்ற அரிசி. என்ற அரிசியை நான் எங்க வேண்ணா ஆக்குவேன்." காவலரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங் தம்பி, சோறு தாண்டறதுக்கும் ஆர்டர் இருக்குதுங்களா?"

அவர் குத்தூசியைத் தரையில் ஊன்றினார். "அரிசின்னுதான் போட்டிருக்கு. சோறுன்னு போடலக்கா."

சாலையோரம் மூன்று கல் வைத்தோம். ஓலையும் சுள்ளியும் நானே பொறுக்கினேன். பால் பொங்கி அம்மா அரிசி போடும்போது களைப் பெண்களில் ஒருத்தி மெதுவாக வந்து, "எங்குளுதையும் சேத்து ஆக்கிருங்க அக்கா. கொட்டாய்ல புழுக்கறதுக்கு வகுத்துலயாச்சும் போவட்டும்" என்றாள். மடிகள் அவிழ்ந்தன. பச்சரிசி, புழுங்கல், சிவப்பரிசி, குருணை எல்லாம் விழுந்தன. இன்னொரு அண்டாவும் எங்கிருந்தோ வந்தது. காவலர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "எங்கம்மா குடுத்துவிட்ட ஏலக்கா. தோட்டத்துல பொறுக்குனது." பொட்டலம் முழுவதையும் தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்துக்குக் கொட்டகை வாடை அமுங்கிப் போனது. பானை வழிந்தபோது பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

நல்ல பொங்கல் என்று சொல்லமாட்டேன். பச்சரிசி குழைந்து, புழுங்கல் வேகாமல், வாயில் நறநறவென்றது. ஆனாலும் அண்டாவில் இருந்ததை அவ்வளவு பேரும் ஒரே இடத்தில் குந்திச் சாப்பிட்டோம்.

அம்மா பானையைத் தலையில் வைத்துக் கம்பத்தை நெருங்கிய நேரம் பார்த்து ரைஸ்மில் லாரி வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அதிகாரி. வெற்றிலை போட்ட வாய், நெற்றியில் சந்தனம். இறங்கினார், பானையைப் பார்த்தார்.

"எந்தா இது? அடியில் அரிசி உண்டோ? குத்தி நோக்கு."

காவலர் கையில் குத்தூசி. அதன் நுனியில் கொட்டகை அரிசியின் கறுப்பு அப்பிக் கிடந்தது. அது பானைக்குள் இறங்கினால் அந்தப் பொங்கல் சாமிக்கும் ஆகாது, சீருக்கும் ஆகாது. அம்மா பானையை இறக்கி வைத்தாள்.

காவலர் கம்பியைக் கம்பத்தில் சாய்த்து வைத்தார். வலது கையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, ஆவி பறக்கும் பானைக்குள் மணிக்கட்டு வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி எடுத்தார். அதிகாரி முகத்துக்கு நேரே நீட்டினார். சூட்டில் காவலரின் முகம் கோணி, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சோறுதான் சார்." சொல்லிவிட்டு அந்தப் பிடியைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "எங்கில் எனிக்கும் கொறச்சு தா" என்று தனக்கும் கொஞ்சம் கேட்டுக் கை நீட்டினார். விருந்து தின்று வந்த வாய்! அம்மா வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தாள். நான் பல்லைக் கடித்தேன்.

"இந்தாளுக்கு எதுக்கும்மா?"

"பொங்கப் பானையண்ட வந்து கேட்டவனை இல்லைன்னு எப்படி அனுப்பறது? பேசாம நட."

மாமா கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். வளவுக்குள் நுழையும்போது வேண்டுமென்றே செருமினார். பெரியப்பா வெளியே வந்து, பானையையும் மாமாவையும் பார்த்து, "வாங்க மச்சான்" என்றார். நிலப் பேச்சு அன்றோடு நின்றது. பெரியம்மா மட்டும் பொங்கலைத் தொடவில்லை. "யாராரு மடி அரிசியோ வுழுந்த பானை" என்றார். அந்தப் பேச்சில் அடித்த அளவு கெட்ட வாடையை அந்தக் கொட்டகையில்கூட நான் முகர்ந்ததில்லை. பானையின் நடுவே கை நுழைந்த குழி அப்படியே இருந்தது. அம்மா அதை மூடாமலே சாமிக்கு வைத்துக் கும்பிட்டாள்.

பொங்கல் லீவு முடிந்து காலேஜுக்குக் கிளம்பினேன். கொட்டகை அதே நாற்றம். காவலரின் வலது கையில் துணிக் கட்டு. இடது கையில் குத்தூசி. ஒரு கிழவியின் கூடைக்குள் சொருகிக்கொண்டிருந்தார். அடியில் இருந்த அரிசி மண்ணில் சிந்தியது. கிழவி குந்தி உட்கார்ந்து பொறுக்கினாள்.

"நல்லாருக்கீயளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய புட்டி பையில் இருந்தது. சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் சேர்த்து அடித்த புண் மருந்து. கொடுக்காமல் போய்விடலாம் என்று நாலடி நடந்தேன். திரும்பி வந்து, அவர் மேசைமேல் டக்கென்று வைத்துவிட்டு, கிழவியோடு குந்தி அரிசி பொறுக்க உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது.