மணிக்கூண்டும் சண்முகக்கனி டீச்சரும்

அச்சகத்தில் காலண்டர் சீசன். மிஷின் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மறுபடி அடித்தபோதுதான் எடுத்தேன். "கனி போயிட்டா, அண்ணாச்சி" என்றார் சண்முகக்கனி டீச்சரின் அண்ணன். "காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தா. அம்புட்டுத்தான்."

மிஷினை நிறுத்தச் சொன்னேன். லோடு ஏற்ற வந்திருந்த லாரிக்காரரும் விஷயம் கேட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அவருடைய மகள் டீச்சரிடம் படித்தவள்.

பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது பஜார் மணிக்கூண்டால். அதன் நூற்றாண்டு விழாவுக்கு ஒரு மலர் போடத் தீர்மானித்தார்கள். வரலாறு எழுதும் பொறுப்பு அவருக்கு, அச்சடிக்கும் வேலை எனக்கு. விழாக்குழுத் தலைவர் அவருடைய அண்ணன்.

வியாபாரிகள் கூடி மணிக்கூண்டு கட்டியது, கடிகாரம் கப்பலில் வந்து இறங்கியது, அதன் மணியோசைக்குக் கடைகள் திறந்து மூடியது எல்லாவற்றையும் டீச்சர் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்த நாளையும் எழுதியிருந்தார். காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டிகள் மணிக்கூண்டைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போயின. வீட்டார் அதனடியில் நின்று ஒவ்வொரு வண்டியிலும் முகம் தேடினார்கள். பிறகு நியாயம் கேட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் போட்டிருந்தார். ஆலை யாருடையது என்றும் போட்டிருந்தார். அது அவருடைய அப்பாவின் ஆலை.

குழு என் அச்சகத்தில்தான் கூடியது. "நல்ல காரியத்துக்குப் போடுற மலர்ல சாவு எதுக்கு? அப்பா பேரை நீயே கெடுக்கணுமா?" என்று அண்ணன் கத்தினார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "நான் எழுதலைன்னா நடக்கலைன்னு ஆயிருமா அண்ணே? அவுக செத்தது நம்ம அப்பாகிட்ட வேலைக்கு வந்துதான்."

"அப்ப இந்தக் கட்டுரையே வேண்டாம்."

"சரி. மலர் உங்களுது. மணிக்கூண்டு உங்களுக்கு மட்டுமா சொந்தம்?"

மறுநாள் வந்து கேட்டார்: "தனிப் புத்தகமா அடிச்சுத் தருவீகளா அண்ணாச்சி? அண்ணன் ஆர்டர் போயிரும்னு யோசனையா இருந்தா இப்பவே சொல்லிருங்க. வருத்தப்பட மாட்டேன்." அடித்துக் கொடுத்தேன். அவர் சொன்னபடியே அண்ணன் கம்பெனியின் லேபிள் ஆர்டர் போயிற்று. அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

விழா நாளில் மேடையில் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மணிக்கூண்டின் அடியில் நின்று புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். "அனுமதி வாங்கியிருக்கீங்களா மேடம்?" என்று ஒரு போலீஸ்காரர் வந்தார். "அன்னைக்கு இங்கன நின்னு அழுதவுக யாருகிட்ட அனுமதி வாங்குனாக தம்பி?" என்றார் டீச்சர். போலீஸ்காரர் ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிப் போனார். நாரணாபுரத்திலிருந்து வந்திருந்த மாரியம்மாள், "எங்க அக்கா பேரு இருக்கா டீச்சர்? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். டீச்சர் அந்தப் பெயரை உரக்கப் படித்தார். மற்ற பெயர்களையும் படித்தார். மேடையில் பேசியவர் சற்று நேரம் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று.

சில வருடங்களில் சாலையை அகலப்படுத்தும் பேச்சு வந்தது. லாரி திரும்ப இடைஞ்சல், மணிக்கூண்டை இடிக்க வேண்டும் என்றார்கள். மலர் போட்ட யாரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் நாரணாபுரத்துக்கும் ஆமத்தூருக்கும் பஸ் ஏறிப் போய், ஆலை வெடித்ததில் இறந்தவர்களின் வீட்டு வாசல்களில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

இடிக்கும் இயந்திரம் வந்த காலையில் அந்த வீட்டுப் பெண்கள் மணிக்கூண்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "பழைய கட்டடம்மா. இதுல உங்களுக்கு என்ன இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

மாரியம்மாள் எழுந்தார். "எங்க அக்கா முகத்தை நான் கடைசியாப் பாத்தது இங்கனதான். இடிக்கணும்னா எங்களை மிதிச்சிட்டுப் போங்க."

உச்சி வெயிலில் டீச்சரின் அண்ணன் வந்தார். கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அங்கன வெயிலு. இங்கன வாங்கண்ணே" என்று டீச்சர் நகர்ந்து இடம் கொடுத்தார். இயந்திரம் திரும்பிப் போயிற்று. இன்று சாலை மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது.

டீச்சர் இறந்த அன்று பழைய குழுவைச் சேர்ந்த ஒருவர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் கொண்டுவந்தார். "அமைதியின் திருவுருவம், யார் மனமும் நோகாது வாழ்ந்தவர்" என்றிருந்தது. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதை நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

"செத்தவுகளப் பத்தி நல்லதாத்தானே போட்டிருக்கு அண்ணாச்சி?"

"அவுக எத்தனையோ பேரு மனசை நோகடிச்சவுக. நோக வேண்டிய மனசுதான். அதைப் போடுங்க, அடிக்கேன்."

அவர் வேறு அச்சகத்துக்குப் போனார். எனக்குக் கோபமில்லை, பயமும் இல்லை. குரலை உயர்த்தாமல் 'மாட்டேன்' என்று சொல்ல இந்த வயதில் எனக்கு வருகிறது. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை.