மூட்டைக்குக் காலில்லை

அந்தக் காரை எனக்குப் பதினாறு வயதிலிருந்து தெரியும். தர்மபுரியில் நான் வேலை பார்த்த பட்டறைக்குள் அது கறுப்புப் புகையோடு நுழைந்தபோது நம்பரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் இருந்தது. என் அப்பாவின் இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கி போட்ட கீறல் அது.

காரின் சொந்தக்காரர் அதியமான்கோட்டை மண்டிக்காரர். புளியும் கடலைக்காயும் வாங்கி விற்கிறவர். அப்பா அவரிடம் மூட்டை தூக்கினார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தூக்கினார்.

"தொப்பூர் மேடு ஏற மாட்டேங்குது. நாலு பேர் உக்காந்தா அழுவுது. என்னமாச்சும் பண்ணுங்க," என்று பட்டறைக்காரரின் மகனிடம் சொன்னார் மண்டிக்காரர். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "இவன் நம்ம மண்டி ஆளோட பையன் தானே? என்னமோ பெரிய படிப்புன்னு சொன்னாங்க. ஸ்பேனர் புடிக்கவா அங்க போய்ப் படிச்ச?"

"ஆமாங்க," என்றேன்.

அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு இருந்தது.

பாலிடெக்னிக்கில் சேர நானும் அப்பாவும் சேலம் போயிருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இடம் கிடைத்துவிட்டது. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மண்டிக்காரர் எதிர்ப்பட்டார். மாட்டுக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டை வாங்கியிருந்தார். அப்பாவைக் கூப்பிட்டுக் காரில் ஏற்றச் சொன்னார். அப்போதுதான் அந்தக் கீறல் விழுந்தது. அதற்கும் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டார் அப்பா. "சரி, ஏறிக்க. அங்க எறக்கவும் ஆள் வேணுமில்ல," என்றார் மண்டிக்காரர்.

அவர் ஓட்டினார். முன்னால் அவருடைய மச்சான். பின்னால் அப்பா, நான், எங்களுக்கு நடுவில் மூட்டை. தொப்பூர் மேட்டில் மூன்றாவது வளைவில் கார் முனகி நின்றது.

"கனம் தாங்கல. ரெண்டு பேரும் இறங்குங்க."

நான் சின்னப் பையன். தெரியாமல் கேட்டுவிட்டேன். "மூட்டைய எறக்குனா ஏறாதுங்களா?"

மண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மூட்டைக்குக் காலில்லையேப்பா. இருந்தா அதைத்தான் எறக்கி நடக்க வுட்டிருப்பேன்." மச்சானும் சிரித்தார். "மேல நிக்கிறேன். மெதுவா வாங்க."

மேலே ஏறியபோது கார் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு மட்டும் இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அவசரமாப் போயிருப்பாரு," என்றார். வைகாசி வெயிலில், செருப்பில்லாத காலோடு ஊர் வரைக்கும் நடந்தார். என் சான்றிதழ்கள் இருந்த மஞ்சள் பையை என்னிடம் கொடுக்கவில்லை. வியர்வை படக் கூடாதென்று தலைத் துண்டில் சுற்றிக் கையில் தூக்கிப் பிடித்தபடியே வந்தார்.

மறுநாள் காலை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். உள்ளே சத்தம். "மூட்டைய எறக்க ஆளில்லாம நானும் என் மச்சானும் எறக்கினோம். எங்கடா போய்த் தொலைஞ்ச?"

அப்பா சொன்னார்: "தப்பாப் போச்சுங்க."

அந்த மூன்று வருஷப் படிப்பில் எனக்குத் தூக்கம் வந்தபோதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டறைக்காரரின் மகன் என் வயதுக்காரன். நான் அவனைப் பாய் என்பேன். அவன் என்னை இன்ஜினியரு என்பான். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிஸ்டன் ரிங்கு மாத்திக் குடுத்து அனுப்பிடலாம்," என்றான்.

"வேண்டாம். கார்புரேட்டரை மாத்தலாம்."

"எதை வச்சு?"

கொல்லையில் ஒரு பெரிய கார் கிடந்தது. தொப்பூரில் உருண்டது. அதன் கார்புரேட்டர் வாய் இந்தச் சின்னக் காருடையதைவிட ஒரு சுண்டுவிரல் அளவுக்கு அகலம். காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போனால் இன்ஜின் கூடுதலாக இழுக்கும்.

"ஏம்பா, வாசப்படிய இடிச்சுப் பெருசாக்கிட்டா வூடு பெருசாயிடுமா?" என்றான் பாய்.

அவன் சொன்னது சரி. பெரிய கார்புரேட்டரை அப்படியே தூக்கி வைத்தால், கீழே இன்ஜினுக்குள் போகும் குழாயின் வாய் சின்னதாகவே இருக்கும். இரண்டும் சேருமிடத்தில் காற்று முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் குழாய்க்குள் துணியை அடைத்துவிட்டு வாயை அரத்தால் ராவினேன். தூள் ஒன்று உள்ளே விழுந்தாலும் வால்வைத் தின்றுவிடும். இரண்டு நாள் ராவினேன். ஆணித் துளைகளும் பொருந்தவில்லை. அலுமினியத் தகடு ஒன்றை அறுத்து, மேல்பக்கத்துக்கு ஒரு கணக்கு, கீழ்ப்பக்கத்துக்கு ஒரு கணக்கு என்று துளை போட்டு நடுவில் வைத்தேன்.

வண்டியை எடுத்ததும் ரயில் மாதிரி புகைத்தது. ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. பெரிய இன்ஜினுக்கான பெட்ரோல் துளை இதற்கு அதிகம். ஈயத்தை உருக்கித் துளையை அடைத்து, ஊசி மாதிரியான துரப்பணத்தால் மறுபடி சின்னதாகத் துளைத்தோம். முதல் தடவை ப்ளக் சுண்ணாம்பாக வெளுத்தது. மறுபடி அடைத்தோம். நாலாவது தடவை முனை கேழ்வரகு மாவு நிறத்தில் வந்தது. அதுதான் சரியான நிறம். பாய் ப்ளக்கை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு டீ சொன்னான்.

அப்படியும் வேகம் வரவில்லை. ஆக்சிலேட்டர் மிதியைத் தரையோடு அழுத்திக்கொண்டு, அவனைக் கார்புரேட்டர் வாய்க்குள் பார்க்கச் சொன்னேன். "உள்ள காத்துக்கு வழி வுடற தகடு முக்கால்தான் தெறக்குது," என்றான். மிதியிலிருந்து வரும் கம்பி மாட்டும் துளையைத் தகட்டின் அச்சுக்குப் பக்கத்தில் தள்ளிப் போட்டேன். முழுசாகத் திறந்தது. அன்று சத்தமே வேறாக இருந்தது.

ஒரு குறை மட்டும் நின்றது. வேகம் இருக்கும்வரை இழுக்கும். மேட்டில் காலை எடுத்தால், அந்தப் பெரிய வாயில் காற்று தொய்ந்து, இன்ஜின் அப்படியே செத்துவிடும். இரண்டாவது கியரில், மிதித்த கால் மிதித்தபடியே ஏற வேண்டும்.

"இதை அவருகிட்ட சொல்லிடு," என்றான் பாய்.

"சொல்றேன்," என்றேன். எப்போது சொல்வதென்று முடிவு செய்துவிட்டிருந்தேன்.

மண்டிக்காரரிடம், முழுக் கனத்தோடு மேட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் வண்டியைத் தர முடியும் என்றேன். ஒரு மூட்டை பருத்திக்கொட்டை வேண்டும். கனத்துக்கு நாலு ஆள் வேண்டும். நான், பாய், அவர், என் அப்பா.

"அவன் எதுக்கு?"

"முன்னாடி நல்ல கனம் வேணுங்க. இல்லாட்டி ஸ்டேரிங் தூக்கிடும்." பொய். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பா முன்சீட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. பின்னால் மண்டிக்காரரும் பாயும். நடுவில் மூட்டை. தொப்பூர் மேட்டின் அடிவரை ஓட்டிப்போய், வண்டியைத் திருப்பி, ஏற ஆரம்பித்தோம். முதல் வளைவில் ஒரு லாரியைத் தாண்டினேன். அந்தக் கார் தொப்பூரில் தாண்டிய முதல் லாரியாக இருக்கும். "பரவால்லியே," என்றார் மண்டிக்காரர். இரண்டாவது வளைவும் போயிற்று. என் கால் தரையோடு இருந்தது.

மூன்றாவது வளைவில் காலை எடுத்தேன்.

இன்ஜின் செத்தது. கை பிரேக்கை இழுத்தேன். எட்டு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியத்தைக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "கனம் தாங்கலீங்க. ஒருத்தர் எறங்கணும்."

சொல்லி முடிக்கவில்லை. முன்கதவு திறந்தது. அப்பா இறங்கிவிட்டார். யாரும் அவரைச் சொல்லவில்லை. துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு மேட்டில் நடக்கத் தொடங்கிவிட்டார். இன்ஜின் நின்றால் இறங்கவேண்டியது அவர்தான் என்று அவர் கால்களுக்கே தெரிந்திருந்தது.

"அதான் எறங்கிட்டானே. எடு," என்றார் மண்டிக்காரர்.

"பத்தாதுங்க."

"அப்ப மூட்டைய எறக்கு."

"மூட்டைக்குக் காலில்லீங்களே," என்றேன். "இருந்தா அதைத்தான் எறக்கி நடக்க வுட்டிருப்பேன்."

பாய் இருமினான். பிறகு சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன் என்று இறங்கிப் போனான். மண்டிக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. நான் வைத்த பெரிய வாய் இன்ஜினைப் பெட்ரோலில் முக்கிவிட்டது. பத்தடி மேலே போயிருந்த மண்டிக்காரர் திரும்பி நின்றார். "என்ன இன்ஜினியரு, நானும் எறங்கியாச்சு. இன்னும் யாரை எறக்கணும்? ஒங்கப்பனை வந்து தள்ளச் சொல்லட்டா?"

மிதியைத் தரையோடு அழுத்தி அசைக்காமல் பிடித்தேன். அதிகப்படி பெட்ரோலைக் காற்று தள்ள வேண்டும். நூறு வரை எண்ணினேன். சாவியைத் திருப்பினேன். இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்தது. பாய் கல்லைத் தள்ளிவிட்டு ஓடி வந்து ஏறினான். மண்டிக்காரர் கதவைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"நிறுத்தினா செத்துடுங்க," என்று சன்னல் வழியாகச் சொன்னேன். அது மட்டும் பொய்யில்லை.

அப்பா மேட்டின் உச்சிக்கே போய்விட்டிருந்தார். அங்கே சரிவு இல்லை. நிறுத்தினேன். அவர் ஏறவில்லை. சன்னலில் கை வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் ஏறுச்சு. நீ காலை எடுத்துட்ட."



அப்பா திரும்பிப் பார்த்தார். கீழே, வளைவில், வெள்ளை வேட்டி ஒன்று நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர் அவசரப்படாமல் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எடு," என்றார். "நிக்காத."

நேராக மண்டிக்கு ஓட்டினேன். வழியில் பாய் ஒருமுறை, "எங்க வாப்பா என்னைக் கொன்னுடுவாரு," என்றான். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான்.

மண்டிக்காரர் மண்டிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு லாரியின் மேல், புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருந்தார். சட்டையெல்லாம் புழுதி. நான் சாவியை நீட்டினேன். "வண்டி சரியாயிடுச்சுங்க. மேட்டுல காலை மட்டும் எடுக்காதீங்க."

அவர் என்னைப் பார்க்காமல் சாவியை வாங்கினார். அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா எழுந்து நின்றார். எப்போதும் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மூட்டைய எறக்கிட்டனுங்க," என்றார். "நான் ஒருத்தனே எறக்கிட்டேன்."

பிறகு இடுப்பிலிருந்த கொக்கியை உருவி, அந்தப் பருத்திக்கொட்டை மூட்டையில் குத்தி அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். திரும்ப அதை எடுக்க அவர் போகவில்லை.